பதினாறு அடி மூன்று அங்குலம்

அறிவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒட்டப்பட்டது. பால் வாங்குவதற்காக மாடியிலிருந்து இறங்கிவந்த மூத்தவள், தெருக்கதவின் வெளிப்புறத்தில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பசை இன்னும் காயாத ஒரு தாளைக் கண்டாள். தாள் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அவள் பால் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரைவரை இருமுறை படித்தாள்.

மேற்படி முகவரியிலுள்ள மாடிவீட்டின் ஒரே உரிமையாளர், தாம் பெற்ற கடனுக்குத் தொடர்ந்து ஐந்து தவணைகள் செலுத்தத் தவறிவிட்டார் என்றும், அறுபது நாள்களுக்குள் முழுத் தொகையும் கட்டப்படாவிட்டால் அடமானச் சொத்து பொது ஏலத்தில் விற்கப்படும் என்றும் அத்தாள் கூறியது. அடியில் ஒரு நிதி நிறுவனத்தின் முத்திரை இருந்தது. ஒரே உரிமையாளர் என்பதற்கு எதிரே அவளுடைய தம்பியின் பெயர் இருந்தது.

வீடு அவர்களுடைய தந்தையுடையது. அவர் உயில் எழுதாமல் இறந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் மூவர்: மூத்தவள், அவளைவிட எட்டு வயது இளைய தம்பி, அவனுக்கும் இளைய தங்கை. மாடியிலிருந்த இரண்டு அறைகளில் மூத்தவள் தனியே வசித்தாள். கீழே, தெருவைப் பார்த்த இரண்டு அறைகளில் தம்பி பல்செட்டுப் பட்டறை நடத்தினான். அவனுடைய குடும்பம் நான்கு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தது. பின்னறைகள் இரண்டும் வெளியூரில் வாழும் இளையவளின் சாமான்களோடு பூட்டிக்கிடந்தன. பாகப்பிரிவினை செய்துகொள்ளலாம் என்று மூத்தவள் அப்போதே சொன்னாள். "பிரிச்சு எழுதிட்டா நாமளே பிரிஞ்சுட்ட மாதிரி ஆயிடும்க்கா" என்று தம்பி சொன்னான், இளையவளும் அழுதாள். மூவரில் இருவர் வேண்டாமென்றதால் மூத்தவள் வற்புறுத்தவில்லை. வீட்டுப் பத்திரம் தந்தை வைத்த இடத்திலேயே, கீழ் முன்னறையின் இழுப்பறையில் இருந்தது. சொத்து வரியைத் தம்பி கட்டிவந்தான். ரசீதுகளும் நாளடைவில் அவன் பெயருக்கே வரத் தொடங்கின.

அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது தம்பி மெருகேற்றும் மோட்டாரின் முன் குனிந்து, இளஞ்சிவப்பு ஈறு பொருந்திய ஒரு கீழ்ப்பல்செட்டை அதன் சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். சுவரலமாரியில் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், முன்பின் தெரியாத மனிதர்களின் வாய்கள், வரிசையாக அமர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுச் சீட்டு. மூலையில் ஆள் உயர வெள்ளை இயந்திரம் ஒன்று பிளாஸ்டிக் உறையால் மூடப்பட்டு நின்றது.

"கதவுல என்ன ஒட்டியிருக்கு?"

தம்பி மோட்டாரை நிறுத்தவில்லை. "ஏதாவது விளம்பரமா இருக்கும்க்கா."

"விளம்பரத்துல உன் பேரு எதுக்கு?"

மோட்டார் நின்றது. அவன் பல்செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டான்.

"நேத்தே ஒட்ட வந்தாங்க. நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

"சொன்ன மாதிரியே வந்துட்டாங்க. வாக்கு தவறாத மனுஷங்க."

அவன் சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தான், சிரிக்கவில்லை. எவ்வளவு என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். அவள் இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். இரண்டாம் முறையும் தொகை அதுவாகவே இருந்தது. எதற்கு என்று கேட்டபோது அவன் மோவாயால் வெள்ளை இயந்திரத்தைக் காட்டினான். வெள்ளைக் கட்டி ஒன்றை உள்ளே வைத்தால் இருபது நிமிடத்தில் ஒரு பல்லைச் செதுக்கித் தரும் இயந்திரம் அது. அவன் கையால் அதைச் செய்ய ஒன்றரை நாள் ஆகும்.

"நாலு டாக்டருங்க சேந்து சொன்னாங்கக்கா. மெஷின் வாங்குங்க, எங்க வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்னாங்க. நான் வாங்கின ஆறாவது மாசம் அவங்களே கூட்டாச் சேந்து ஒண்ணு வாங்கிட்டாங்க."

"வேலை தர்றோம்னு எழுதிக் குடுத்தாங்களா?"

"வாய் வார்த்தைதான்."

"ஊர்ல உள்ள வாயெல்லாம் அச்சு எடுத்து அலமாரியில வெச்சிருக்கே. அந்த நாலு வாய்ல வந்ததை மட்டும் எழுதி வாங்கலை."

அவன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுரண்டினான்.

"என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே கேக்கறது."

அவன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். "போறவங்க வர்றவங்க நின்னு படிக்கறாங்க. அதைக் கிழிச்சிடவா?"

"கிழிக்காதே. கோணலா இருக்கு, நேரா ஒட்டு" என்று சொல்லிவிட்டு மூத்தவள் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். வீடு போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அவளுடைய ஓய்வூதியத்தில் நகரின் விளிம்பில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் சாப்பிட முடியாது. இந்தக் கணக்கைப் போட அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

அன்று மாலை இளையவள் தொலைபேசியில் கத்தியது பட்டறைவரை கேட்டிருக்கும்.

"என்னக்கா சொல்றே? ஊருக்கெல்லாம் பல்லு கட்டி விடற அண்ணன் நமக்குப் பட்டை நாமமா போட்டுட்டான்?"

"மெதுவாப் பேசுடீ. காது இருக்கு எனக்கு."

"போலீஸ்ல குடுக்கா. உள்ள வெச்சு நாலு தட்டு தட்டட்டும். பல்லு போனா அவனே கட்டிக்குவான், செலவு மிச்சம்."

"முதல்ல வக்கீலைப் பாக்கறேன்."

"நீ எப்பவும் இப்படித்தான். வீடு பத்தி எரிஞ்சாலும் ஃபயர் சர்வீஸுக்கு மனு எழுதித் தலைப்புப் போட்டுட்டு உக்காந்திருப்பே."

மூத்தவள் முப்பத்தோராண்டுகள் ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவள். வழக்குகளுக்காக நோயாளிகளின் கோப்புகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன நாள்களில் அறிமுகமான வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"கூட்டுச் சொத்துல ஒரு வாரிசு தன் பங்கை மட்டும்தான் அடகு வைக்க முடியும்மா. மத்தவங்க சம்மதம் இல்லாம அவங்க பங்கு அடமானத்துல போகாது. நான் மட்டும்தான் வாரிசுன்னு உங்க தம்பி உறுதிமொழி எழுதிக் குடுத்திருப்பாரு. அது பொய்னு நிரூபிக்கறது கஷ்டமில்லை. ஆனா ஒண்ணு. நீங்க தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க, அதனால சம்மதம்தான்னு அவங்க வாதாடலாம். அந்தக் கடன் சம்பந்தமா எந்தத் தாளிலயாவது நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் கையெழுத்துப் போட்டா எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள் மூத்தவள். வக்கீல் பேனாவை மூடினார்.

நிதி நிறுவனத்தின் மேலாளர் அக்காளையும் தம்பியையும் ஒன்றாக வரச்சொல்லியிருந்தார். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கடியில் அவருடைய குழந்தைகளின் படங்கள், அறை முழுவதும் குளிர்சாதனத்தின் முனகல். தம்பி ஒரு நாற்காலி இடம்விட்டு உட்கார்ந்தான். மேலாளர் பணிவாகவே பேசினார். ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே ஒரு கையெழுத்துதாம்மா. போட்டீங்கன்னா தம்பிக்கு ஆறு மாசம் டைம் தர்றோம். ஏலத்தை நிறுத்திடலாம்."

"போட்டுடேன்க்கா" என்றான் தம்பி. "ஆறு மாசத்துல எப்படியாவது மெஷினை வித்துடுவேன்."

மூத்தவள் தாளைப் படித்தாள். "இதுல போட்டா என் பங்கும் சேந்து அடமானமாகும். அப்படித்தானே?"

"அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிம்மா."

"அந்த வார்த்தை வேண்டாம். ஆகுமா, ஆகாதா?"

மேலாளர் தம்பியைப் பார்த்தார். "ஆகும்."

"அப்ப முடியாது." அவள் தாளைத் திருப்பி, அவர் படிப்பதற்கு வசதியாக வைத்தாள்.

மேலாளரின் பணிவு கொஞ்சம் குறைந்தது. அவர் கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இப்ப வந்து எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா எப்படிம்மா? கடன் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டை அளந்த தாள் இது. நீங்க கூடவே நின்னிருக்கீங்க. பாருங்க, இது உங்க கையெழுத்துதானே?"

அவள் பார்த்தாள். நீல மையில், சாயாத எழுத்தில், அவளுடைய கையெழுத்தேதான்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு முற்பகல். வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடப்போவதாகவும் அளக்க ஆள் வருவார் என்றும் தம்பி சொல்லியிருந்தான். வந்த மதிப்பீட்டாளருக்கு அன்று இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. தம்பி மாடிக்கு வரவில்லை. கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அளவு நாடாவின் ஒரு முனையை மூத்தவள் பிடித்தாள். அவர் எழுதியதை எட்டிப் பார்த்தபோது, மாடி முன்னறையின் நீளம் பத்தொன்பது அடி என்று இருந்தது.

"ஏம்ப்பா, பத்தொன்பது எங்கேருந்து வந்துது? பதினாறு அடி மூணு அங்குலம்."

"பரவால்லம்மா, தோராயம்தான்."

"தோராயத்துக்கு நாடா எதுக்கு? கண்ணாலயே அளந்துட்டுப் போயிருக்கலாமே."

அவர் சலிப்போடு, தாளைக் கவ்வியிருந்த அட்டையையும் பேனாவையும் அவளிடமே நீட்டினார். "நீங்களே திருத்திடுங்கம்மா. புண்ணியமாப் போகும்."

பதிவேட்டுப் பிரிவில் ஒரு விதி இருந்தது. தவறாக எழுதிய எண்ணை அழிக்கக்கூடாது. மேலே கிறுக்கவும் கூடாது. ஒரே ஒரு கோட்டால் அதை அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்து, தேதி, பதவி மூன்றையும் இட வேண்டும். யார் திருத்தினார், எப்போது திருத்தினார், திருத்த அவருக்கு என்ன உரிமை என்பது தாளிலேயே தெரிய வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு மூத்தவளுக்குப் பதவி இல்லை; விதி மட்டும் இருந்தது. பால் அட்டையில் திருத்தினால் வாடிக்கையாளர் என்று எழுதுவாள். மின்சார அட்டையில் குடியிருப்பவர் என்று எழுதுவாள். அன்று நாடாவின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் அறையின் அளவைத் திருத்தத் தனக்கு எந்த வகையில் உரிமை என்று சிறிது யோசித்து, அதையும் எழுதினாள். மதிப்பீட்டாளர் அதைப் படிக்காமலே அட்டையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. அட்டையின் இரும்புக் கவ்விக்கு அடியில் தாளின் தலைப்பு மறைந்திருந்தது. அவள் கவ்வியைத் தூக்கிப் பார்க்கவில்லை. பத்தொன்பது என்ற எண் அவள் கண்ணை உறுத்தியதில், வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

இப்போது தாளில் கவ்வி இல்லை. அடமானச் சொத்து மதிப்பீட்டு அறிக்கை என்று தலைப்பு தெளிவாகத் தெரிந்தது.

"என்னோட கையெழுத்துதான்" என்றாள். "வக்கீல்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன். தப்பு."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"கையெழுத்துக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க."

மேலாளர் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, உதடு அசையாமல் படித்தார்.

"சத்தமா."

"மூன்றில் ஒரு பங்கு உரிமையாளர்" என்று அவர் படித்தார். "மாடி."

"தேதி?"

அவர் அதையும் படித்தார்.

"நீங்க இவனுக்குப் பணம் குடுத்தது என்னைக்கு?"

பக்கங்கள் புரண்டன. பத்தொன்பது நாள் கழித்து என்று தெரிந்தது. அந்த எண் மறுபடியும் வந்ததை மூத்தவள் கவனித்தாள்.

"நான் ஒருத்தன்தான் உரிமையாளர்னு இவன் எழுதிக் குடுத்தது இந்தக் கோப்புல இருக்கு. மூணுல ஒரு பங்குன்னு நான் எழுதினதும் இதே கோப்புல இருக்கு. பணம் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல யாராவது ரெண்டையும் சேத்துப் படிச்சிருக்கணும். பத்தொன்பது நாள் இருந்துது."

மேலாளர் அவளை விட்டுவிட்டுத் தம்பியிடம் திரும்பினார். "அப்ப நீங்க பொய் சொல்லிப் பணம் வாங்கியிருக்கீங்க சார். இது கிரிமினல் கேஸ், தெரியுமா?"

தம்பி அக்காளைப் பார்த்தான். ஐம்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போல.

"அது உங்களுக்கும் அவனுக்கும்" என்றாள் மூத்தவள். "ஆனா புகார் குடுத்தா கோப்பு முழுசும் குடுக்கணும். இந்தத் தாளும் சேந்துதான் போகும்."

பத்து நிமிடம் வேண்டும் என்று சொல்லி, மேலாளர் கோப்போடு வெளியே போனார். அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"மாடியில அப்படி எழுதினேன்னு நீ சொல்லவே இல்லையேக்கா."

"இன்சூரன்ஸுன்னு சொன்னே. இன்சூரன்ஸுக்கு அது எழுதினா என்ன குத்தம்?"

அவன் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "அப்பா இருந்திருந்தா..."

"அப்பா இருந்திருந்தா வீடு அவரோடது. நீ அடகு வெச்சிருக்க முடியாது."

"என் பங்கு போயிடுமாக்கா?"

"உன் பங்கை நீதான் வெச்சே. அதுக்கு என்னைக் கேக்கணும்னு அவசியமே இல்லை."

புகார் கொடுக்கப்படவில்லை. அதைக் கொடுத்தால் யாருடைய வேலை போகும் என்பதை மேலாளர் அந்தப் பத்து நிமிடத்தில் யாரிடமோ கேட்டறிந்திருக்க வேண்டும். வக்கீல் மூன்று கடிதங்கள் எழுதினார். நிறுவனம் இரண்டுக்குப் பதில் எழுதியது. அடமானம் தம்பியின் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே பற்றும், வீட்டைப் பாகம் பிரித்தபின் அவனுக்கு எந்தப் பகுதி விழுகிறதோ அதன்மீது மட்டும் கடன் நிற்கும், அவனுக்கு ஆண்டிறுதிவரை தவணை என்று முடிவாயிற்று. பின்னறைகள் இளையவளுக்கு, மாடி மூத்தவளுக்கு, முன்னறைகள் தம்பிக்கு என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். வெள்ளை இயந்திரம் வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றது. மீதியை அவன் கட்டாவிட்டால் பட்டறை போகும். அப்போது மாடிக்குப் போகும் படிக்கட்டின் அடியில் அந்நியர் ஒருவர் குடியிருப்பார்.

"நீங்க அன்னைக்குப் போட்ட கையெழுத்துதாம்மா வீட்டைக் காப்பாத்திச்சு" என்று வக்கீல் சிரித்தார்.

மூத்தவள் சிரிக்கவில்லை. "தலைப்பைப் படிக்காமப் போட்டேன். மின்சார அட்டையில எழுதற மாதிரி குடியிருப்பவர்னு எழுதியிருந்தா?"

வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார். "இழுத்திருக்கும்மா. ரொம்ப வருஷம் இழுத்திருக்கும்."

பாகப்பிரிவினைக்கு அளக்கும் நாளில் இளையவள் ஊரிலிருந்து வந்தாள். பத்திரம் எழுதுபவர் அனுப்பிய அளவையாளர் அறைஅறையாகச் சென்று எழுதினார். நாடாவின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையை மூத்தவளும் பிடித்தார்கள்.

"அண்ணே, நாடாவைக் கெட்டியாப் பிடி" என்றாள் இளையவள். "கையில காணோம்னா, அதையும் எங்கேயோ அடகு வெச்சுட்டேன்னு நெனச்சுக்குவேன்."

"நீ கொஞ்சம் வாயை மூடறியா? இல்லே அச்சு எடுத்து அலமாரியில வெச்சுடுவேன்."

"வை, வை. அந்த அலமாரிதான் இன்னும் உன்னோடது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தத் தாள் கதவில் ஒட்டப்பட்ட பிறகு அவன் சிரித்தது அதுவே முதல்முறை. மாடி முன்னறையில் சுவரோரம் எண்ணைப் படிக்க வேண்டிய முனை அவன் கையில் இருந்தது. அவன் படித்தான், அளவையாளர் எழுதினார். மூத்தவள் அருகில் போய் அட்டையைப் பார்த்தாள். பதினாறு அடி என்று இருந்தது.

"மூணு அங்குலம் விட்டுப்போச்சு."

"விடுக்கா" என்றாள் இளையவள். "உன் பங்கு கம்மியாக் காட்டினா பத்திரச் செலவு குறையும், உனக்குத்தானே லாபம். எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

"லாபத்துக்காக அறை சுருங்காது. நாடாவைப் படிச்சது யாரு?"

"நான்தான்" என்றான் தம்பி. "மூணு அங்குலம்னு சொன்னேன். மெல்லமாச் சொல்லிட்டேன் போல."

"அப்ப நீ திருத்து."

அளவையாளர் அட்டையை அவனிடம் நீட்டினார். மூத்தவள் இடையில் கையை நீட்டி, இரும்புக் கவ்வியைத் தூக்கி, தலைப்பைப் படித்தாள். பாகப்பிரிவினைக்கான அளவு விவரம். அவள் கவ்வியை விட்டாள்.

தம்பி அட்டையைச் சன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கோடு இழுத்தான். அவன் கை மெழுகில் பல் வரிசை பிடிக்கும் கை. கோடு நேராகவே வந்தது. பக்கத்தில் சரியான அளவை எழுதிக் கையெழுத்திட்டான். பிறகு பேனா நின்றது.

"இதுக்கப்புறம் என்னக்கா எழுதறது?"

"நீ யாரோ அதை."

கீழே, பட்டறையின் கொதிகலத்தில் யாருடைய பல்செட்டோ வெந்துகொண்டிருந்தது, மூடி தடதடத்தது. அவன் சன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு உரிமையாளர் என்று நிதானமாக எழுதி, அட்டையை அக்காளிடம் கொடுத்தான்.

அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தேதி போடலை."